மிச்சம் வைத்தால் பாட்டு

பெங்களூர் கண்டோன்மெண்ட்
20-7-1958

அன்புள்ள அப்பாவுக்கு அருள்ராணி எழுதுவது.

அத்தை சுகம். நான் பார்த்துக்கொள்ள வந்த அவர் பிள்ளைக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது, கடிப்பது என்னைத்தான். ஆவூரில் நீங்களும் அம்மாவும் நலமா? ஒரு மாதமாகக் கடிதமே இல்லை.

நேற்று மாமா, தான் பிடில் வாசிக்கிற இத்தாலிக்காரர் சாப்பாட்டுக் கடைக்கு எங்களைக் கூட்டிப் போனார். உலகச் சண்டையில் கைதியாக வந்து, ஊர் திரும்பாமல் தங்கிவிட்ட கிழவர், பெயர் பெப்பே. உள்ளே ஏழே மேசை. ஒன்று பழைய தையல் மிஷின். இன்னொன்று கதவைப் படுக்கப் போட்டது, தாழ்ப்பாள்கூட இருக்கிறது. சாப்பாடு இடியாப்பம் மாதிரிதான், ஆனால் ஒவ்வொரு இழையும் ஒரு முழம். மேலே தக்காளிச் சாறு. மாமா முள்கரண்டியில் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டார். நான் கையால் எடுத்தேன், தாவணியெல்லாம் சிவப்பு. தூவியிருந்த பாலாடைக்கட்டியின் வாடை பிடிக்காமல் பாதியை வைத்துவிட்டேன்.

அங்கே ஒரு சட்டம் இருப்பதை யாரும் முன்னால் சொல்லவில்லை. தட்டில் மிச்சம் வைத்தால் பாட வேண்டும். பெப்பே கரண்டியால் வாணலியைத் தட்டிக்கொண்டே என்னிடம் வந்தார். எல்லாரும் திரும்பினார்கள். எனக்குக் காது சுட்டது.

"பாடிரு புள்ள, இல்லேன்னா இந்தாளு வாணலிய ஒடச்சிருவாரு" என்றார் அத்தை.

கண்ணை மூடிக்கொண்டு, நம் வயலில் பெண்கள் நடவுக்குப் பாடுவதைப் பாடினேன். நடுவில் மாமாவின் பிடில் சேர்ந்துகொண்டது. மார்பில் ஆர்மோனியம் போல ஒன்றை மாட்டியிருந்தவரும் சேர்ந்தார். கண்ணைத் திறந்தபோது யாரும் சாப்பிடவில்லை.

சனிக்கிழமைதோறும் வந்து பாடச் சொல்கிறார் பெப்பே. போகட்டுமா அப்பா?

அன்பு மகள்
அருள்ராணி


ஆவூர்
29-7-1958

அருள்ராணிக்கு,

உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. நான் இந்தக் கோவிலின் உபதேசியார். ஞானஸ்நானத்துக்கும் சாவுக்கும் என் வாயால்தான் செபம். என் மகள் சாராயக் கடையில் பாடினாள் என்று ஊர் பேசவா உன்னை அனுப்பினேன்? நாலு பேர் கண் படக் கூடாது என்றுதானே எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன். அந்தப் பக்கம் இனி தலைகாட்டாதே. பிள்ளையைப் பார்த்துக்கொள், ஜெபமாலை சொல்.

சந்தனராஜ்


பெங்களூர் கண்டோன்மெண்ட்
5-8-1958

அன்புள்ள அப்பாவுக்கு,

அது சாராயக் கடை இல்லை. குழந்தை குட்டிகளோடு வருகிறார்கள். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே ஒரு சனிக்கிழமை போய்விட்டேன். வந்த பிறகும் ஒரு சனிக்கிழமை போனேன். உங்கள் சொல்லைக் கேட்காததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பாடியதற்குக் கேட்கவில்லை.

ஜெபமாலையில் என் உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வருவதில்லை என்று எத்தனை தடவை குட்டியிருப்பீர்கள். இப்போது வருகிறது.

அருள்ராணி


ஆவூர்
18-8-1958

அருள்ராணிக்கு,

கீரனூர் இன்னாசிக்கு உன்னைப் பேசி முடித்தாயிற்று. லாரி ஆபீசில் உத்தியோகம். முதல் மனைவி தவறி இரண்டு வருஷம் ஆகிறது. நேற்றுப் பூசையில் சாமியார் உங்கள் கல்யாணத்தை அறிவித்து, தடை உண்டா என்று கேட்டு முதல் ஓலை வாசித்தார். மூன்றாவதும் கடைசியுமான ஓலை 31ஆம் தேதி. அந்த வாரமே தாலி. மாமாவோடு புறப்பட்டு வா. இந்த ஊரில் தடை சொல்ல ஒருவரும் இல்லை.

சந்தனராஜ்


பெங்களூர் கண்டோன்மெண்ட்
2-9-1958

அன்புள்ள அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்தும் நீங்கள் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மாமா திருச்சி வரைக்கும் வந்தார். பஸ்ஸில் நான் தனியாகத்தான் வந்தேன். பூசை தொடங்கிவிட்டது. முக்காடு போட்டுப் பெண்கள் பக்கம் கடைசியில் முழந்தாளிட்டேன். பூசை முடிந்ததும் உங்கள் காலில் விழுந்து, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று கேட்கலாம் என்றுதான் வந்தேன். ஆனால் சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்து, "தடை அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்றபோது கோவிலில் ஒரு இருமல்கூட இல்லை. அந்தத் தடை என் ஒருத்திக்குத்தான் தெரியும். எழுந்துவிட்டேன்.

"தடை இருக்கு சாமி."

"யாரும்மா அது?"

"பொண்ணுக்குச் சம்மதம் இல்லைங்க. பொண்ணு நான்தான்."

"ஆத்தாடி! வாயில்லாத புள்ளைக்கு எங்கிட்டிருந்து வந்துச்சு இம்புட்டுச் சத்தம்?" என்று முன்னால் யாரோ சொன்னார்கள். எனக்கும் அதே ஆச்சரியம்தான்.

பிறகு நீங்கள் சாமியாரிடம், "சின்னப் புள்ளைங்க சாமி, வெளையாட்டுப் புத்தி. இன்னொரு வாரம் பொறுங்க, சரி பண்ணிடுறேன்" என்று கைகூப்பிக் கெஞ்சியதும் கேட்டது. ஊர் பார்க்க உங்களை அப்படி நிற்க வைத்தது எனக்கு வலிக்கிறது. ஆனாலும் அது விளையாட்டு இல்லை அப்பா. இன்னாசி நல்லவராகவே இருக்கலாம். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

பீடத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாலும், சம்மதமா என்று சாமியார் என்னைத்தான் கேட்க வேண்டும். உங்களைக் கேட்கமாட்டார். சரி பண்ணப் போவதாகச் சொன்னீர்களே, நடக்கட்டும். எத்தனை ஓலை வேண்டுமானாலும் வாசிக்கச் சொல்லுங்கள். தேதியை மட்டும் முன்கூட்டி எழுதுங்கள். ரயிலில் இடம் சொல்லி வைக்க வேண்டும்.

என்றும் உங்கள் மகள்தான்,
அருள்ராணி