கழுவாத மெஷினில் அரைத்த மா

தாத்தா,

மிளகாய் அரைத்து முடித்ததும் மெஷினைக் கழுவ ஒரு சுண்டு அரிசியைப் போட்டு ஓட்டி, சிவந்து வரும் அந்த மாவைக் கீழே கொட்டுவோமே, அந்தக் காரமும் சூடும் கலந்த வாசம் இன்று காலையிலிருந்து என் மூக்கை விட்டுப் போகவில்லை. கட்டுகஸ்தோட்டை மில்லில் அது புதிய வாசமா? ஆனால் இன்று அதோடு நீங்களும் வந்து நின்றீர்கள். உங்கள் முஸ்லிம் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். நீங்கள் கண்மூடி மௌத்தாகி மூன்று நோன்பு மாதம் போய்விட்டது. சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.

உங்களிடமிருந்து என் கைக்கு வந்த மில்லை இப்போது என் மகன் நடத்துகிறான். வேலைக்கு ஆள் பார்ப்பது மட்டும் என் தலையில். களைத்துப் போனேன் தாத்தா. ஒருத்திக்குச் சல்லடை பிடிக்கக் கற்றுக் கொடுத்தேன், குவைத்துக்குப் போய்விட்டாள். அடுத்தவள் தையல் ஃபெக்டரிக்குப் போனாள். மூன்றாமவள் தீபாவளிக்கு ஊருக்குப் போனவள்தான், வரவே இல்லை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த முழங்காலோடு எத்தனை முறை தொடங்குவது?

நீங்கள் என்னை வேலைக்கு எடுத்த விதம் ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை. ஹந்தானையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து நின்றேன். நீங்கள் கதிரையை விட்டு எழும்பாமலே கேட்டீர்கள்.

"முன்ன வேலை செஞ்ச எடத்துல என்ன பிழை செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலைங்க."

"அல்லாஹ்! பிழையே செய்யாத ஆளோட வேலை செய்ய எனக்குப் பயம் புள்ள" என்று சிரித்தீர்கள். அரைக்க வந்தவர்களும் சிரித்தார்கள். கூனிக்குறுகித் திரும்பினேன். வேறு ஆள் கிடைக்காததால்தானே ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள்? அதுவும் எனக்குத் தெரியும்.

பிறகு அந்த டீச்சரின் அரிசி வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கத்துச் சிங்கள டீச்சர், பேரப்பிள்ளைக்கு முதன்முதலாகக் கஞ்சி வைக்கக் கொடுத்த அரிசி. சற்று முன்புதான் மிளகாய் ஓட்டியிருந்தேன். வரிசையில் ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். மெஷினைக் கழுவாமலே அரைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டேன். "மெஷின் கழுவினதா?" என்றீர்கள். "கழுவிட்டேங்க" என்றேன். அவ்வளவு லேசாக வாயில் வந்தது.

அரை மணித்தியாலம்கூடத் தாங்கவில்லை. அந்தப் பச்சைப்பிள்ளையின் நாக்கே கண்முன் நின்றது. வந்து சொன்னேன். நீங்கள் ஏசவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நட" என்றீர்கள். பாலத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனோம். அந்த வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "போ, உண்மைய நீயே செல்லு" என்றீர்கள். எனக்கு அரைகுறைச் சிங்களம். கஞ்சி அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. பிள்ளைக்கு இன்னும் கொடுக்கவில்லை. டீச்சர் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு என் பிறப்பு வளர்ப்பு வரைக்கும் ஏசினார். நீங்கள் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சர் அதோடு நம் மில்லுக்கு வரவும் இல்லை.

மறுநாள் எல்லோர் முன்னாலும், "இனி பிள்ளைகளுக்கு அரைக்கிற மா எல்லாம் இவ பொறுப்பு" என்றீர்கள். தண்டனை என்றே நினைத்தேன்.

இப்போது என்னிடம் இருப்பவள் சுமதி. அவளும் ஹந்தானைதான், வந்து எட்டு மாதம். நேற்றுப் பின்னேரம் வந்து நின்றாள்.

"பாட்டி, அந்த அண்ணன் புள்ளைக்குன்னு குடுத்த குரக்கன் மா நெலத்துல கொட்டிருச்சு. அள்ளிக் கட்டிக் குடுத்துட்டேன்."

"எப்ப?"

"மத்தியானந்தான்."

மகன் கேட்டுக்கொண்டிருந்தான். "நிப்பாட்டும்மா இவள. நாளைக்கே கெமரா போடுறேன்" என்றான். கெமரா இருந்திருந்தால் கொட்டியதைக் காட்டியிருக்கும். வந்து சொன்னதைக் காட்டுமா? இவளும் போய்விட்டால் இன்னொருத்திக்குக் கற்றுக் கொடுக்க என்னிடம் தெம்பு இல்லை. இவளைச் சும்மா விட்டாலோ, என்னிடம் சொன்னாலே போதும் என்று நினைத்துவிடுவாள்.

த்ரீவீல் பிடித்து அவளை அந்த மனிதர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உங்களைப் போல் வெளியே நிற்க மாட்டேன், கூடவே போய்ப் பேசுவேன் என்று வழியெல்லாம் வீம்பாக நினைத்துக்கொண்டு போனேன். கேட்டைத் திறந்ததும் கால் நின்றுவிட்டது. நான் வாயைத் திறந்தால் அது கடைக்காரியின் மன்னிப்பாகிவிடும். அவள் சொன்ன உண்மை அவளுடையதாக இருக்காது. "நீயே போய்ச் சொல்லு" என்றேன்.

உள்ளே அந்த மனிதர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. மாவுப் பையைக் கட்டியபடியே திருப்பி எறிந்தார். திறக்கவே இல்லை; பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும்போது சுமதி முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வரமாட்டாள் என்றுதான் விடியும்வரை நினைத்தேன். இன்று முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். எனக்கு ஒரு வணக்கம் இல்லை. மிளகாய் அரைத்து முடித்ததும் தானாகவே ஒரு சுண்டு அரிசியை அள்ளி மெஷினில் போட்டாள். மிளகாய் கொண்டுவந்த பெண்ணிடம், "கெழவிக்கு நெஞ்சுல ஈரமே இல்லக்கா" என்று சொன்னது மெஷின் சத்தத்தையும் தாண்டி எனக்குக் கேட்டது. கேட்காதது போல் சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று பாலத்தில் உங்கள் முதுகுக்குப் பின்னால் நானும் இதையேதான் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். ஆற்றுச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்டிருக்காது என்று இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன், தாத்தா. இன்று எனக்குக் கேட்டதுபோல் அன்று உங்களுக்கும் கேட்டிருக்கிறது. உங்கள் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலமும் ஒழுங்காக வேலை செய்தேன்.