கிருமிக்குச் சீனி

2006 மார்ச் 12, ஞாயிறு

வெளிநாட்டில் ஆராய்ச்சிக்குப் போக என் சம்மதம் கேட்டு மகள் ரத்தோட்டைக்கு வந்திருக்கிறாள்.

"பக்டீரியாவோட மரபணுவ மாத்தி, சீனி குடுத்து வளர்ப்போம்ப்பா. அது நமக்கு வேண்டிய மாதிரி மாத்தின அமினோ அமிலம் செஞ்சு தரும். மருந்துக்கு ஆகும்."

ஒன்பதாம் வகுப்போடு நின்ற என் மூளைக்குப் பாதிதான் ஏறியது.

"கிருமி, கிருமின்னு ஒன் கையத் தேச்சுக் கழுவுனேன். அதுக்கே சீனியா?"

இவள் சிறுமியாக இருந்தபோது, சீனி தட்டுப்பாடான நாட்களில் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கிக்கொண்டே தேத்தண்ணி குடிப்போம். இவள் முதல் மிடறுக்கே தன் பங்கை முடித்துவிட்டு என் கையைப் பார்ப்பாள். நீட்டுவேன்.

இன்றும் தேத்தண்ணி வந்ததும் பழக்கத்தில் சீனியோடு கையை நீட்டிவிட்டேன்.

"சீனி வேணாம்ப்பா. போகவா, சொல்லுங்க."

"போயிட்டு வா. கிருமிக்கு ஒரேயடியாக் குடுத்துறாத. ஒன்ன மாதிரி மொதல்லயே தின்னுட்டு முழிக்கும்."

சிரித்தாள். நீட்டிய கையை மடக்கத்தான் எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.