செல்வி புருசனுக்குக் கிடைத்த மூச்சு

ஏங்க, இன்று காலை பக்கத்து வீட்டுக் காம்பராவில் மிலாறு எரிகிற வாசம் வந்தது. கவ்வாத்தில் வெட்டிப்போட்ட அந்தத் தேயிலைக் குச்சியை உங்களைப் போல யார் சுமந்து வந்தது என்று எட்டிப் பார்த்தேன். செல்வி புருசன். இன்னொரு சுமையையும் இறக்கிவிட்டு நின்று சிரிக்கிறான். ஒரு இருமல்கூட இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உங்களுக்கு வந்த அதே டீபிதான் அவனுக்கும் வந்தது. கிருமி போய்விட்டது, நுரையீரலைத் தழும்பாக்கிவிட்டுப் போனது. உங்களிடமும் ஆஸ்பத்திரியில் அதைத்தான் சொன்னார்கள். "கிருமி இல்லன்னுட்டாங்க புள்ள, அப்புறம் என்ன?" என்று மறுநாளே கவ்வாத்துக் கத்தியைத் தீட்டினீர்கள். மலை ஏறும்போது மூச்சு முட்டினால், செடியருகே குனிந்து, "இது நல்லா துளிர்த்துருக்கு, பாரு" என்பீர்கள். நானும் பார்ப்பேன். எனக்குத் தெரியாதா என்ன?

வெட்டும்போது ஒவ்வொரு செடியிலும் ஒரு கிளையை மட்டும் இலையோடு விட்டுவைப்பீர்கள். "மூச்சு விட ஒண்ணு வேணும்ல. மொட்டையா வெட்டுனா செத்துப்போயிரும்." நீங்கள் போன பிறகும் அந்தச் செடிகளெல்லாம் தழைத்து நிற்கின்றன. அதுகள் மேலேயும் எனக்குப் பொறாமைதான்.

செல்வி புருசனைக் கொழும்பில் ஒரு பரிசோதனைச் சிகிச்சைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அவனுடைய மூச்சுக்குழாயிலிருந்தே குருத்தணுக்களை எடுத்து, வெளியே வளர்த்து, திரும்ப நுரையீரலுக்குள் விட்டார்களாம். நர்ஸ் படிக்கிற நம் மகள்தான் சொன்னாள். "கெட்டுப்போன எடத்துல புதுசா வளருமாம்மா. இன்னும் சோதிச்சுத்தான் பாக்குறாங்க, எல்லாருக்கும் கேக்காது."

அவனுக்குக் கேட்டுவிட்டதே! "ஒங்கப்பாவுக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று அவளிடம் பாய்ந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

மத்தியானம் செல்வியே வந்து நின்றாள்.

"அக்கா, அவரு தூங்கயில மூக்குகிட்ட கைய வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன். பயமா இருக்குக்கா. அந்த இளைப்பு திரும்ப வந்துருமா? நீங்கதானே அண்ணன வச்சுப் பாத்தவங்க."

"யாருக்குத் தெரியும்?" என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அது பொய்யும் இல்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் முடியாமல் கிடந்தபோது எனக்கும் அந்த முகம்தான் இருந்தது. நல்ல வார்த்தை சொல்ல ஒருத்தரும் வரவில்லை.

"ஒண்ணும் ஆகாது, போ. மூச்சு வாங்குனா மறைக்க விடாத. ஒடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிரு" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு நானும் அழுதேன். அவன் நன்றாக இருக்கட்டும், மனசாரத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த மூச்சு உங்களுக்கு வந்திருக்க வேண்டியது. "இந்த எரிச்சல விட்டுருங்கம்மா" என்கிறாள் மகள். விட மாட்டேன். உங்களுக்காகச் சண்டை போட இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?