தைலம் துடைத்த துணி

மரியே வாழ்க!

சென்னை,
9.2.2025

அன்புள்ள செசிலி அக்காவுக்கு,

தம்பி அன்பரசு எழுதுவது. போன் செய்தால், "ஆபீஸ்ல கீறேன், அப்புறம் பேசு" என்று வைத்துவிடுகிறாய். கவர்ன்மெண்ட் உத்தியோகம் வந்ததும் தம்பி பேஜாராகிவிட்டான் போல. சரி, கடிதத்தை யாரும் கட் பண்ண முடியாதே!

ஆயர் தேதி கொடுத்துவிட்டார். மே பத்தாம் தேதி எனக்குக் குருப்பட்டம். மறுநாள் தெள்ளாருக்குப் பக்கத்தில் நம் ஊர்க் கோயிலிலேயே முதல் திருப்பலி. நம் தெருவிலிருந்து போகும் முதல் சாமியார் நான். பையன்கள் இப்போதே பிளெக்ஸ் அடிக்கத் துடிக்கிறார்கள். அழைப்பிதழில் அம்மா பெயர், உன் பெயர் எல்லாம் போடச் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவிடம் ஒன்று சொல். ஆயர் என் கைகளில் தைலம் பூசிய பிறகு, அதைத் துடைத்த துணியைப் பெற்றவளிடம் கொடுப்பது வழக்கம். அவள் கண்ணை மூடும் நாளில் அதைக் கையில் வைத்துத்தான் அடக்கம் செய்வார்கள். எத்தனை பேர் முன்னால் அம்மா அதை வாங்கப்போகிறது, நினைத்துப் பார்!

அன்புத் தம்பி,
அன்பரசு


ஆரணி,
17.2.2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் அம்மா அழுதது. பட்டு இழை சுற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் முதலில் திட்டிவிடுகிறேன். கவரின் மேல் ஏன் செசிலி என்று எழுதினாய்? வீட்டுக்கார அம்மா புஷ்பலதா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "யாருங்க செசிலி?" என்று கேட்டார். கூடப் படித்தவள் பெயர் என்று சமாளித்தேன். இனி எழிலரசி என்றே எழுது. மேலே "மரியே வாழ்க" போடாதே.

என் வேலை இன்னும் உறுதியாகவில்லை. சாதிச் சான்றிதழை யாரோ சந்தேகப்பட்டு மனு போட்டிருக்கிறார்கள். ஞானஸ்நானம் வாங்கியவர்கள் எஸ்.சி. பட்டியலில் இல்லை, இந்து என்று இருந்தால்தான் உண்டு என்பது உனக்குத் தெரியாததா? பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா இந்து, எழிலரசி என்றுதான் எழுதினார். நம் தெருவில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள்.

விசாரணைக்கு வீட்டுக்கே வருவார்களாம். இயேசுவின் இருதயப் படத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அந்த ஆணியில் முருகன் காலண்டர் மாட்டியிருக்கிறேன். அம்மா அரிசி எடுக்கும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொள்கிறது.

அழைப்பிதழில் எங்கள் பெயர் வேண்டாம் ராசா. பிளெக்ஸும் வேண்டாம். முதல் பூசையை வேறு எங்காவது வை.

அக்கா,
எழிலரசி


மரியே வாழ்க!

சென்னை,
25.2.2025

அக்காவுக்கு,

போட்டுவிட்டேன், பார். என்னால் போடாமல் இருக்க முடியவில்லை.

ஆகஸ்ட் மாதம் கறுப்புக் கொடி பிடித்து, மதம் மாறினால் சாதி இழிவு போய்விடுமா, எங்கள் உரிமையைக் கொடு என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். இப்போது சொந்த வீட்டிலேயே எனக்கு அம்மா இல்லை என்று சொல்ல வேண்டுமா? அம்மா இராயப்பர் என்று சொல்லுமே, அந்தப் பேதுருவும் குளிர் காய்ந்துகொண்டேதான் ஆண்டவரைத் தெரியாது என்றார். நீ உத்தியோகத்தில் குளிர் காய்கிறாய்.

தெரியாமல்தான் கேட்கிறேன், அந்த வேலை போனால் செத்தா போய்விடுவோம்?

அன்பரசு


ஆரணி,
9.3.2025

தம்பிக்கு,

செத்துப்போக மாட்டோம். திரும்பப் போய் அடுத்தவர் கழனியில் நாற்று நடுவோம். நீ வர மாட்டாய். உனக்குச் சாமியார் வீட்டில் சாப்பாடு தயாராக இருக்கும்.

கறுப்புக் கொடி பிடித்தாயே, ரொம்ப சந்தோஷம். நம் ஊர்த் திருவிழாத் தேர் என்றைக்காவது நம் தெருவுக்குள் வந்திருக்கிறதா? கல்லறையில் நம் அப்பாவை எந்தப் பக்கம் புதைத்தார்கள்? சுவருக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? டிகிரி முடித்துவிட்டு நம் சபைப் பள்ளிக்கூடத்துக்கு வேலை கேட்டு நடந்தேன். "யார் சிபாரிசு?" என்றார்கள். நமக்கு யார் இருக்கிறார்கள்? அரசாங்கத்துக்கு நான் கிறிஸ்தவள், அதனால் தலித் இல்லை. கோயிலில் நான் தலித், அதனால் சுவருக்கு இந்தப் பக்கம். நடுவில் எங்கேடா நிற்பேன்?

உன் பேதுரு கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. "சுகமா கீறான், ஜெபம் பண்ணிகினு கீறான்" என்று சொல்லிவிட்டுக் கிழித்துப் போட்டேன். அழுதுகொண்டே எழுதுகிறேன். கோபத்தை மனதில் வைக்காதே.

அக்கா


சென்னை,
23.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தவக்காலம் முழுக்கப் பைபிளுக்குள் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அழைப்பிதழில் உங்கள் பெயர் இல்லை. முதல் திருப்பலி நம் ஊரில் இல்லை. இன்னொன்று சொல்ல வேண்டும். கோபத்தில் பையன்களிடம் பிளெக்ஸ் வேண்டாம் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். என் போட்டோவையும் அப்பா பெயரையும் போட்டு ரோட்டோரம் வைத்துவிட்டார்கள். நேற்றுதான் எடுக்கச் சொன்னேன். என்னை மன்னித்துவிடு.

மே பத்தாம் தேதி அம்மாவை மட்டும் எப்படியாவது அனுப்பி வை. கூட்டத்தோடு கூட்டமாகக் கடைசி வரிசையில் உட்காரட்டும். துணியை யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிடுகிறேன்.

தம்பி


மரியே வாழ்க!

ஆரணி,
15.6.2025

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்குக் காய்ச்சல், அதனால்தான் வரவில்லை என்று போனில் சொன்னேன். அது பொய். பக்கத்தில் புஷ்பலதா இருந்தார்.

உன் குருப்பட்டத்துக்கு முந்தின வாரம் விசாரணைக்கு ஆள் வந்தார். நல்ல மனிதர்தான், தண்ணீர் வாங்கிக் குடித்தார். சுவரையெல்லாம் பார்த்துவிட்டு, போனில் அந்த பிளெக்ஸ் போட்டோவைக் காட்டினார். "இந்தச் சாமியார் உங்க புள்ளைன்னு மறுபடியும் மனு போட்டுக்கீறாங்க. நெஜமாம்மா?" என்றார். அம்மா போனைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு சிரித்தபடியே சொன்னது:

"எனக்கு இவ ஒருத்திதாங்க. யார் பெத்த புள்ளையோ, எவ்ளோ அழகா கீறாரு."

போன வாரம் வேலை உறுதியாகிவிட்டது.

அன்றிலிருந்து அம்மா சரியில்லை. உன் பட்டத்துக்குக் கிளம்பு என்றேன். "புள்ளையே இல்லன்னுட்டு எந்த மூஞ்சிய வெச்சிகினு போய் நிப்பேன்?" என்றது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஊர்க் கோயிலுக்குப் போகிறது. நன்மை அப்பம் வாங்க மட்டும் எழுந்து போவதில்லை. செய்ததைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணு என்றால் பங்குச் சாமியாரிடம் மாட்டேன் என்கிறது. நேற்று இழை சுற்றிக்கொண்டே சொன்னது:

"இராயப்பரு பயந்து சொன்னாரு. நான் சிரிச்சிகினே சொன்னேன்டி. இத அவங்கிட்டதான் சொல்லணும். அவன்தான் மன்னிக்கணும்."

நீ பேதுருவைப் பற்றி எழுதியதை அதற்கு நான் படித்தே காட்டவில்லை, தம்பி. அதுவாகத்தான் சொன்னது.

சீக்கிரம் வா. துணியை மறக்காமல் எடுத்து வா. கை நீட்டி வாங்குமோ வாங்காதோ, எனக்குத் தெரியாது. அங்கி மட்டும் வேண்டாம், சட்டை பேண்ட்டில் வா. புஷ்பலதா கேட்டால் என்னோடு ஆபீஸில் வேலை பார்ப்பவர் என்று சொல்லிக்கொள்கிறேன்.

உன் அக்கா,
செசிலி