மரகதத்துக்கு என்ன பிடிக்கும்?

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா

அன்புள்ள அன்னக்கிளிக்கு,

அத்தான் எழுதுகிறேன். உன் மூட்டுவலி தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம். குளிருக்கு ஜெயக்குமார் எனக்கும் ஒரு மங்கி கேப் வாங்கி மாட்டிவிட்டான்.

வருகிற பதினெட்டாம் தேதியோடு உன் அக்கா போய் ஒரு வருஷம். படையலில் அவளுக்குப் பிடித்ததை வைக்க வேண்டுமே என்று நேற்று மருமகள் மிருதுளா கேட்டாள்.

"அம்மா வைக்கிற மீன் குழம்புதான்," என்றான் ஜெயக்குமார்.

"அது உங்களுக்குப் பிடிச்சது. அத்தைக்கு?"

"ஆச்சி சுடுற அதிரசம்!" என்றான் பேரன் வருண்.

"அது உனக்குடா. மாமா, நீங்க சொல்லுங்க."

முப்பத்தாறு வருஷம் வகுப்பில் எதையும் உதாரணம் காட்டித்தான் விளக்கினேன். மரகதம் ஆசையாகச் சாப்பிட்டதற்கு ஒரு உதாரணம் சொல்ல வரவில்லை. வீட்டுப்பாடம் செய்யாத பையன்போல் நின்றேன். என் ரசத்துக்கு எத்தனை மிளகு என்பதுவரை அவளுக்குத் தெரியும். நாங்கள் எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். என்ன சாப்பிட்டாள் என்று நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

போனில் கேட்கக் கூச்சமாக இருந்தது. சின்ன வயதில் அவள் எதற்கு அடம்பிடிப்பாள் என்று உடனே எழுது. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. உனக்கும் தெரியாதென்றால் மறைக்காமல் அதையே எழுது. வெறும் இலையைப் போட்டுக் கும்பிடுகிறேன்.

வீரபாண்டியன்