மிட்டாயும் மூச்சும்

மார்ச் 3, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், விளிம்பு தீட்டும்போதே இன்று இரண்டு லென்ஸ் தெறித்துவிட்டது. முதலாளியம்மா பெருமூச்சு மட்டும் விட்டாள். அதற்குத் திட்டே தேவலை.

ஆறு மணிக்கு இவர் வந்தார். ஒன்பது வருடமாக நடப்பதுதான்: நான் கதவுச் சங்கிலியை எடுக்காமல் நிற்பேன், இவர் இடுக்கு வழியாக "ஹா" என்று ஊதுவார், மோந்து பார்த்துவிட்டுத் திறப்பேன். குடியை விட்ட முதல் வாரத்தில் இவராகவே ஆரம்பித்த பழக்கம். இப்போது அது வெறும் வேடிக்கை. "செக்போஸ்ட் திறந்தாச்சா?" என்று உள்ளேயிருந்து மகள் கேட்பாள்.

இன்று அந்த வாடை.

பிரமை என்று திறந்துவிட்டேன். லிஃப்ட் பழுதுபார்க்கும்போது தகடு கிழித்த கால் புண்ணுக்கு இரண்டு மாதமாக மாத்திரை மேல் மாத்திரை சாப்பிடுகிறார். மருந்து வாடையாக இருக்கலாம். இருக்கலாம்தானே?

மார்ச் 4

மருந்து வாடை இல்லை. எனக்குத் தெரியாத வாடையா அது?

மார்ச் 7, சனி

இவர் வேலைக்குப் போனதும் தேடினேன். பழைய இடங்கள் எல்லாம் கை தானாகப் போனது — தண்ணீர்த் தொட்டி, மழைக்கால செருப்பு, பீரோவின் அடித்தட்டு. ஒன்றும் இல்லை. இல்லை என்றதும் நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது. முன்னைவிடக் கெட்டிக்காரனாகிவிட்டான் மனுஷன்.

அக்காவிடம் போனில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "திருந்திட்டார் திருந்திட்டார்னு நீதான் தலையில தூக்கி வெச்சு ஆடினே. இன்னொரு தடவைன்னா பிள்ளையைக் கூட்டிட்டு வந்துடுவேன்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. இவர் எதிரிலேயே சொன்ன வார்த்தை. மகளுக்கு அப்போது ஆறு வயது.

மார்ச் 9, திங்கள்

கேட்டுவிட்டேன். "தொடலைம்மா" என்றார். அந்தக் காலத்திலும் இதே வார்த்தைதான். இதே முகம்தான்.

குடியை விட்டவர்கள் கூடும் சங்கத்துக்கு இவர் போவார்; அதன் பெரியவருக்கு போன் செய்தேன். அவர் பதறவில்லை. "ஏக்கம் வந்திருக்கும். திட்டாதீங்க. இனிப்பு குடுங்க, வயித்தைக் காயப் போடாதீங்க. நாங்க எல்லாரும் அப்படித்தான் கரையேறினோம்." எனக்கும் தெரிந்த வைத்தியம்தான். முதல் வருடம் முழுக்க இவர் சட்டைப் பையில் மிட்டாய் இருக்கும்.

டப்பா நிறைய மிட்டாய் வாங்கிவந்து பைகளில் திணித்து அனுப்பினேன். காலையில் ரொட்டி இரண்டுக்கு நான்காக, ஜாம் தடவி. மறுக்காமல் சாப்பிட்டார். குற்றவாளி மாதிரி.

மார்ச் 15, ஞாயிறு

இன்று முழுக்க இவரைக் கண் மறைய விடவில்லை. குளியலறை வாசலில்கூட நின்றேன், வெட்கமே இல்லாமல். காலையில் ரொட்டி, ஜாம். பதினொன்றுக்குப் பழரசம். மதியம் வயிறு முட்டச் சாப்பாடு, அதற்கு மேல் மிட்டாய்.

மூன்று மணிக்கு நாக்கு குழறியது. கண் சிவந்து, ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் பாட்டிலை மோந்தேன். வாய் கொப்பளிக்கும் மருந்தைக் கொட்டினேன். மகள் அறை வாசலில் நின்று, "அம்மா, அப்பா எங்கயும் போகவே இல்லையே" என்றாள். "உனக்கு ஒண்ணும் தெரியாது, போய்ப் படி" என்றேன்.

எங்கேயும் போகவில்லைதான். அப்புறம் எப்படி?

மார்ச் 17, செவ்வாய்

வேலையிடத்தில் ஊதச் சொல்லியிருக்கிறார்கள். மெஷின் கத்திவிட்டது. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் தலையில் நின்று செய்கிற வேலை, யார் விடுவார்கள்? மறு உத்தரவு வரும்வரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தார். "எனக்கே தெரியலைம்மா. குடிச்சிட்டு மறந்து தொலைக்கிறேனோ என்னமோ. அப்படி ஆகுமா?" என்று என்னைக் கேட்கிறார். என்னை!

பாவம்னு சொல்றதா, நடிப்புன்னு சொல்றதா? ஒன்பது வருஷம் நல்லாத்தானே இருந்தோம்?

மார்ச் 18

பெட்டி கட்டிவிட்டேன். அக்கா சனிக்கிழமை வரச் சொன்னாள்.

மார்ச் 20, வெள்ளி

புண்ணைக் காட்ட வேண்டிய நாள். இது ஒன்றையாவது முடித்துக்கொடுத்துவிட்டுப் போவோம் என்று கூடப் போனேன். டாக்டரம்மா மாத்திரைச் சீட்டை எழுதப் போகும்போது, "இவர் மறுபடி குடிக்கிறார், அதோட சேர்த்துக் குடுக்கலாமா?" என்றேன். இவர் தலையைத் தூக்கவே இல்லை.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். எப்போது ஆரம்பித்தது, எந்த நேரத்தில், அதற்கு முன் என்ன சாப்பிட்டார் என்று கேள்விமேல் கேள்வி. எனக்கு வாயில் வரவில்லை. பையிலிருந்து இந்த நோட்டை எடுத்துத் தேதி தேதியாகப் படித்தேன். பதினைந்தாம் தேதிக்கு வந்தபோது, "இன்னொரு தடவை படிங்க" என்றார். ரொட்டி, ஜாம், பழரசம், சாப்பாடு, மிட்டாய், மூன்று மணி.

அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்: "ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட் மாதிரிதான், நம்ம எல்லார் குடல்லயும் கொஞ்சம் உண்டு. நல்ல கிருமிங்க அதை அடக்கி வெச்சிருக்கும். இவருக்குப் புண்ணுக்காகக் கிருமியைக் கொல்ற மாத்திரை மேல மாத்திரை குடுத்திருக்கு. நல்லதெல்லாம் செத்துப்போய், ஆளில்லாத வீடு கிடைச்ச மாதிரி ஈஸ்ட் பெருகியிருக்கலாம். சர்க்கரை போனா அது சாராயமா மாத்தும். ரொம்ப அபூர்வம். இதுதான்னு நான் சொல்லலை, பாத்துடலாம்." அப்புறம், "வீட்டுக்குப் போய் இணையத்துல தேடாதீங்க. களைப்பு, மறதி, அரிப்புன்னு உலகத்துல இருக்கிற எல்லாத்துக்கும் ஈஸ்ட்தான் காரணம்னு எழுதி வெச்சிருப்பாங்க."

தேடினேன். எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 21, சனி

இன்று வரவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். "ஏமாளி" என்றாள். இருக்கலாம்.

மார்ச் 24, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி. நர்ஸ் இவர் பையைக் கொட்டிச் சோதித்தாள், சட்டையை மாற்றச் சொன்னாள். இவர் குழந்தை மாதிரி கையைத் தூக்கி நின்றார். முதல் ரத்தம் எடுத்தார்கள்: சாராயம் சுத்தமாக இல்லை. பிறகு ஒரு பெரிய தம்ளர் குளுக்கோஸ் தண்ணீர். அப்புறம் மணிக்கொரு தடவை ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். நர்ஸ் கட்டிலைவிட்டு நகரவில்லை. நானும்தான்.

நோயாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். புருஷனுக்கு நோய் வரட்டும் என்று வேண்டிக்கொண்ட பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பத்து மணி ரத்தத்தில் சாராயம் கொஞ்சம். பன்னிரண்டுக்கு இவர் கன்னம் சிவந்தது. ஒரு மணிக்கு நர்ஸ் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஏறியிருக்கு, நல்லாவே ஏறியிருக்கு" என்றாள்.

இவர் என் பக்கம் திரும்பி, "அப்ப நான் குடிக்கலை" என்றார். சொன்ன மாதிரி இல்லை, கேட்ட மாதிரி இருந்தது. "இல்லங்க, குடிக்கலை" என்றேன். ஜாமும் மிட்டாயும் ஊட்டி ஊட்டி இவரைப் போதையாக்கியதே நான்தான். அதையும் அங்கேயே சொல்லி அழுதேன். நர்ஸ் பாவம், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 25

பெட்டியைப் பிரித்தேன். மிட்டாய் டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

பூஞ்சையைக் கொல்லும் மருந்து, மூன்று வேளையும் முட்டை, மீன், கீரை. ரொட்டியும் சர்க்கரையும் கண்ணில் படக் கூடாது. "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி அதை விட்டேன், இப்ப ஜாமையும் விடணுமா?" என்று புலம்புகிறார். "உங்க வயித்துக்கு லைசென்ஸ் வாங்கினா கடையே போடலாம்ப்பா" என்கிறாள் மகள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ஒரு மாதம் ஆகிறது.

ஏப்ரல் 11, சனி

இவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டினால் தேவலை. இன்று கேட்டேவிட்டேன். முட்டை உரித்துக்கொண்டே சொன்னார்: "அப்ப பொய் சொன்னேன், நம்பினே. இப்ப நிஜம் சொன்னேன், நம்பலை. உன் மேல என்ன தப்பு?" அடுத்த முட்டையை எடுத்துக்கொண்டு, "ஆனா அந்தப் பெட்டியைப் பாத்தேன். கட்டில் அடியில." முட்டை ஓடுகளைக் கூட்டி அள்ளினேன்.

ஏப்ரல் 27, திங்கள்

இரண்டாவது சோதனையில் ஒன்றும் ஏறவில்லை. டாக்டரம்மா கடிதம் கொடுத்தார். இன்று வேலைக்குப் போனார். காலையில் அங்கேயே ஊதிக் காட்டிவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும்; தினமும் அப்படித்தானாம். இவருக்கு அதில் வருத்தம் இல்லை.

ஐந்தரைக்கே சங்கிலியை எடுத்துவிட்டேன். கதவு சாத்தியிருந்ததே தவிர, தாழ் போடவில்லை. தள்ளினால் திறக்கும்.

ஆறு மணிக்குக் காலடிச் சத்தம். கதவு திறக்கவில்லை. போய்த் திறந்தால், வெளியே மிதியடிக்கு அந்தப் பக்கம், கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டு, வாயைத் திறந்து ஊதத் தயாராக நிற்கிறார்.

"எனக்கு ஜலதோஷம், ஒரு வாசனையும் தெரியலை" என்றேன். "உள்ள வாங்க, முட்டை ஆறுது."

ஜலதோஷம் எல்லாம் ஒன்றும் இல்லை.