பிக்கு திருப்பித் தந்த துணி

12-1-1935, சனி. பிலிமத்தலாவை.

ஊர் விகாரையான பன்சலையின் பிக்கு மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டார்.

சவப்பெட்டி மேல் விரித்த வெள்ளைத் துணியைப் பிக்குவுக்குத் தானம் கொடுப்பது சிங்களவர் வழக்கம். புத்தர் காலத்துத் துறவிகள் சுடுகாட்டுத் துணியைத்தான் தைத்து உடுத்தார்களாம். இந்தக் காய்ச்சலில் துணி வாங்க வழியற்ற வீடுகளே அதிகம். அதனால் பிக்கு ஒரே துணியை ஒவ்வொரு முறையும் என் கடையில் திருப்பி வைப்பார். “அடுத்த வீட்டுக்குக் குடுங்க முதலாளி” என்பார்.

காலையில் அவருக்காக அதே துணியைப் பன்சலை வேலையாள் அப்புஹாமி வாங்கிப் போனான். மாலையில் கொண்டுவந்து மேசையில் போட்டான்.

“துணிய ஏத்துக்க வேற ஹாமதுரு, பிக்கு ஒருத்தரும் இல்ல முதலாளி. அடுத்த பன்சலையிலயும் காய்ச்சல்.”

உள்ளே மகள் நடுங்குகிறாள். “குளிருது வாப்பா, போர்த்த ஏதும் தாங்க.”

கடை நிறையத் துணி. என் கண் அந்த ஒன்றை விட்டு நகரமாட்டேன் என்கிறது.